ஆத்தென்டிகேட்டர் கோடு ‘தவறு’ன்னு வருதா? முதல்ல கடிகாரத்தைப் பாருங்க!

நிறைய வீடுகள்ல சுவர்க் கடிகாரம் 10 நிமிஷம் வேகமாத்தான் ஓடும். பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னு அப்பா வெச்ச ஏற்பாடு. நானும் அதே மாதிரி, ஆபீஸ் மீட்டிங்குக்கு லேட் ஆகக் கூடாதுன்னு லேப்டாப் கடிகாரத்தை 5 நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தேன்.

மார்க்கெட் நல்லா இறங்கின ஒரு நாள், ரொம்ப நாளா காத்திருந்த பங்கை வாங்கலாம்னு டிரேடிங் கணக்குல லாகின் பண்ணினேன். பாஸ்வேர்டு சரி. லேப்டாப்பிலேயே வெச்சிருந்த ஆத்தென்டிகேட்டர் காட்டின 6 இலக்க எண்ணைப் போட்டா, ‘தவறான கோடு’. திரும்பத் திரும்பப் போட்டேன். கணக்கே லாக் ஆயிடுச்சு! அதைத் திறந்து முடிக்கிறதுக்குள்ள மார்க்கெட் மூடியாச்சு.

தப்பு புரோக்கர் மேல இல்லை. என் கடிகாரத்து மேல.

எஸ்எம்எஸ்ல வர்ற ஓடிபியை சர்வர் உருவாக்கி உங்களுக்கு அனுப்புது. ஆத்தென்டிகேட்டர் எண் அப்படி இல்லை, அதை யாரும் அனுப்புறதில்லை. முதல் தடவை க்யூஆர் கோடை ஸ்கேன் பண்றப்போ ஒரு ரகசியச் சாவி உங்க கருவியிலயும் சர்வர்லயும் பதிவாகுது. அப்புறம் ரெண்டு பக்கமும் அந்தச் சாவியையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்துத் தனித்தனியா கணக்குப் போடும். 30 செகண்டுக்கு ஒரு புது எண். நெட் தாமதத்துக்காக சர்வர் வழக்கமா ஒரு எண் முன்ன பின்ன இருந்தா ஏத்துக்கும். 5 நிமிஷம்னா பத்து எண் தள்ளிப் போச்சு. எப்படிப் பொருந்தும்?

நீங்க கை வைக்கலைன்னாலும் கம்ப்யூட்டர் கடிகாரம் தானா விலகும். உள்ளே இருக்கிறது சாதாரண குவார்ட்ஸ்தான். நாளைக்கு ஓரிரு செகண்ட் தப்பினாலே மாசத்துக்கு ஒரு நிமிஷம் வரை போயிடும். இதைச் சரி பண்ணத்தான் என்டிபிங்கிற முறை 1985-லிருந்து இருக்கு. உங்க கம்ப்யூட்டர் ஒரு நேர சர்வரை ‘மணி என்ன?’ன்னு கேட்கும். கேள்வி போய் பதில் வர 80 மில்லிசெகண்ட் ஆச்சுன்னா, வழியில ஒரு பக்கத்துக்கு 40 போச்சுன்னு கழிச்சுக்கிட்டுத் தன் நேரத்தைத் திருத்திக்கும். இந்திய நேரத்தைப் பராமரிக்கிறது டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம், அணுக் கடிகாரங்களை வெச்சு.

விண்டோஸ்ல செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் போங்க. ‘செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி’யை ஆன் பண்ணிட்டு ‘சிங்க் நவ்’ அழுத்துங்க. போன்லயும் தானியங்கி நேரம் ஆன்ல இருக்கட்டும். ஆபீஸ் லேப்டாப்னா ஐடி டீம்கிட்ட சொல்லுங்க, அதுல இந்த செட்டிங்ஸை மாத்த நமக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது.

இங்கேதான் பலர் ஏமாறுவாங்க: மணி சரியா இருக்கும், டைம் ஜோன் தப்பா இருக்கும். டைம் ஜோன் அமெரிக்காவுல இருக்க, நீங்க கையால நம்ம ஊர் மணியை வெச்சீங்கன்னா, திரையில எல்லாம் சரியாத் தெரியும். ஆனா அந்தக் கணக்கு உலகப் பொது நேரத்துல நடக்குது. அங்கே பல மணி நேரம் தப்பு. அதனால முதல்ல டைம் ஜோனை இந்தியாவுக்கு, அதாவது +5:30-க்கு மாத்துங்க, அப்புறம் சிங்க் பண்ணுங்க.

இன்னொண்ணு. லாகின் ஆகலைன்னு பதற்றத்துல கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீங்க. போலி நம்பர்காரங்க காத்திருக்கிறதே அதுக்குத்தான். நம்பரை ஆப்புக்குள்ள இருந்தே எடுங்க.

மியூச்சுவல் ஃபண்டு கட்-ஆஃபுக்கு இது உதவுமான்னு கேட்பீங்க. ஈக்விட்டி ஃபண்டுல அன்னைக்கு என்ஏவி கிடைக்க மதியம் 3 மணிக்குள்ள பணமே ஃபண்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கணும். உங்க கடிகாரம் எவ்வளவு துல்லியமா இருந்தாலும் 2:58-க்குப் பணம் அனுப்பினா ரிஸ்க்தான். நான் 1 மணிக்கே முடிச்சிடுவேன்.

பழைய டெஸ்க்டாப்பை ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தேதி பல வருஷம் பின்னாடி போய் நிக்குதா? பேங்க் தளமே ‘பாதுகாப்பில்லை’ன்னு எச்சரிக்கும், ஏன்னா அந்தத் தேதிக்கு அதோட சான்றிதழ் செல்லாது. அப்போ மதர்போர்டுல இருக்கிற காசு மாதிரி வட்டமான சின்ன பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சிஆர்2032-ன்னு கேட்டா கடையில கொடுப்பாங்க.