மூன்றெழுத்து வேர்களும் நம் வழக்குச் சொற்களும்

மேலை நாடுகளில் வீட்டிலேயே கல்வி பயிலும் இளைஞர்க்கு ஆங்கிலச் சொல்வளத்தை இலத்தீன் வேர்களோடு சேர்த்துப் புகட்டும் முறை உண்டு. நம் மாணவர்க்கு அவ்விடத்தில் நிற்கத்தக்கது, இல்லத்திலும் மக்தபிலும் ஓதிய அரபியே. உத்திரமேரூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு மனு எழுதப் பிறரை நாடும் பட்டதாரிகளை நாம் அறிவோம். 'வாரிசு' என்பதோ அவர்கள் ஓதிய மொழியின் சொல்!

அரபுச் சொற்களுள் பெரும்பாலானவை மூன்று மெய்களில் வேர்கொள்வன. வ-க-ல என்னும் வேரில் வக்கீலும் வக்காலத்தும் கிளைத்தன. ஹ-ள-ர என்பதில் ஆஜரும் மகஜரும் தோன்றின. 'ளாத்' என்னும் அரபு எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ளகரமாக ஒலிப்பர். பாரசீக வழியாக வந்த சொற்களில் அதுவே ஜகரமாயிற்று. ரமளான், ரம்ஜான் என்னும் இருவடிவங்களும் இங்ஙனம் அமைந்தவையே. (எது சரியென்று நிகழும் வாதம் வீண் என்பது நம் கருத்து.)

ஒலியொப்புமை கண்டு மயங்கலும் ஆகாது. மகசூல், தாசில் ஆகியன ஹ-ஸ-ல வேரின. வசூலோ 'வந்து சேர்தல்' எனப் பொருள்படும் வ-ஸ-ல வேரினது. வேரறிந்த மாணவன் இவற்றைக் குழப்பிக்கொள்ளான்.

நாளொன்றுக்கு ஒரு வேர், அவ்வேர்ச்சொல் பயின்றுவரும் ஒரு பத்திரம் அல்லது மனு. ஒன்பதாம் வகுப்பு முதல் இவ்வளவே போதும்.