இரு தமனிகள், ஒரு வாய்

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பில் கழிக்கும் ஒருவருக்கு அண்ணனோ தங்கையோ சிறுநீரகம் தர முன்வருகிறார். இரத்த வகையும் திசுப் பொருத்தமும் தேறிய பின் எழும் கேள்வி, எந்தப் பக்கத்துச் சிறுநீரகம் என்பது. கோலாலம்பூர் மருத்துவமனையில் மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவை நடந்த 1975இல், இதற்கு விடை காணத் தொடைத் தமனி வழியே குழாய் செலுத்திப் படமெடுப்பதே உலக வழக்கம். இப்போது சி.டி. ஸ்கேன் போதும்.

கொடையாளரின் முழங்கை மடிப்புச் சிரையில் 18 கேஜ் ஊசி ஏற்றி, அயோடின் சாயம் ஏறக்குறைய 100 மி.லி.யை வினாடிக்கு 4 அல்லது 5 மி.லி. வேகத்தில் பம்பு செலுத்துகிறது. உடம்பெங்கும் சூடு பரவும். மலாயில் ‘தாரிக் நாபாஸ், தாஹான்’ என்றதும் மூச்சை இழுத்து அடக்க வேண்டும். முதலில் தமனிகள், அடுத்துச் சிரைகள், சில நிமிடங்கள் கழித்துச் சிறுநீர்க்குழாய்கள் படமாகின்றன. படத்துண்டின் தடிமன் 1 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது; போனால் மெல்லிய தமனி கண்ணில் படாமல் நழுவும்.

படம் படிப்பவர் பெருந்தமனியை மேலிருந்து இடுப்புத் தமனிகள் வரை தொடர்கிறார். பாடநூல் ஓவியத்தில் பக்கத்துக்கு ஒரு தமனிதான். உண்மையில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு பக்கமாவது கூடுதல் தமனி உண்டு. கருவில் சிறுநீரகம் இடுப்புக்குழியிலிருந்து மேலேறுகையில் படிக்கொரு புதுத் தமனி பெற்றுப் பழையதை விடுகிறது. விடாமல் நின்றதே இந்தக் கூடுதல். எண்ணிக்கை, விட்டம், சேருமிடம், முதல் கிளை வரையுள்ள தூரம் எல்லாம் குறிக்கப்படுகின்றன. தொடங்கிய 1.5 செ.மீ.க்குள் கிளைத்தால், ஒற்றைத் தமனியும் வெட்டும்போது இரண்டாகிவிடக்கூடும். சிரை நீளமாக இருப்பதால் இடப்பக்கமே பொதுவான தேர்வு. எனினும் இரண்டில் சிறந்தது கொடையாளரிடமே தங்க வேண்டும். அது நியாயமான விதி.

எடுத்த சிறுநீரகம் உடனே பனிக்கட்டிக் கூழ் நிரம்பிய கிண்ணத்தில் இறங்குகிறது. 4 டிகிரிக் குளிரிலுள்ள பதனத் திரவத்தைச் சிரை வழியே தெளிந்து வரும் வரை ஒவ்வொரு தமனியிலும் செலுத்துகிறார்கள். தமனி இரண்டாக இருந்து, இறந்தவரிடமிருந்து எடுப்பதாயின் இரு வாய்களும் சேரப் பெருந்தமனிச் சுவரையே துண்டாக வெட்டிக்கொள்ளலாம். உயிருள்ளவரிடம் அது நடவாது. தைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டும் ஒத்த அளவினவாயின் எதிரெதிர்ச் சுவர்களில் சில மி.மீ. நீளம் கீறி, விளிம்புகளை 7-0 பாலிப்ரொப்பிலீன் நூலால் இணைக்கிறார்கள். கால்சட்டையின் இரு கால்கள் இடுப்பில் கூடுவதுபோல் ஒரே வாய் அமைகிறது. அளவு மாறினால் சிறியதன் நுனியைப் பெரியதன் பக்கவாட்டுத் துளையில் தைப்பார்கள். கண்ணில் 2.5 மடங்கு உருப்பெருக்கி. மறுபடி திரவம் செலுத்தினால் கசிவு தெரிந்துவிடும். மேல்முனைக்குப் போகும் 2 மி.மீ.க்குக் குறைந்த தமனியைச் சில வேளை கட்டிவிடுவதுண்டு. கீழ்முனைத் தமனி எவ்வளவு மெலிந்திருந்தாலும் விட மாட்டார்கள். சிறுநீர்க்குழாய்க்கும் பெரும்பாலும் அதுவே இரத்தம் தருகிறது.

பெறுபவரின் அடிவயிற்றில், இடுப்பின் வெளிச்சிரையுடன் சிரையும் வெளித்தமனியுடன் புதிய வாயும் தைக்கப்படுகின்றன. தைக்கும்போது சிரையை அடைத்திருந்த பிடி முதலில், தமனியை அடைத்திருந்த பிடி அடுத்து விடுபடும். சிறுநீரகம் இரு முனைகளிலும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். சிறுநீர்க்குழாயின் வெட்டு நுனியில் இரத்தம் கசிந்தால் கீழ்முனைத் தையல் பலித்ததெனக் கொண்டு, அதன்பின் அந்நுனியைச் சிறுநீர்ப்பையுடன் இணைக்கிறார்கள்.