செயற்கைக்கோளுக்கு நம்மைத் தெரியுமா?

போனில் மேப்பைத் திறந்ததும், நாம் நிற்கிற தெருவிலேயே ஒரு நீலப் புள்ளி வந்து நிற்கிறதே நேயர்களே, அப்படியானால் வானத்திலிருந்து ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில், உங்கள் போன் இருப்பதே அதற்குத் தெரியாது! சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, "இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஓயாமல் அறிவிப்பதுதான் அதன் வேலை. நீங்கள் இப்போது எங்கள் குரலைக் கேட்பதுபோல, போனும் அதைக் கேட்க மட்டும்தான் செய்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சேதி எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு, தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. அந்தத் தாமதம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு! அவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதால்தான் செயற்கைக்கோளுக்குள் அணுக் கடிகாரமே வைத்திருக்கிறார்கள்.

சரி, நாம் போன இடமெல்லாம் வெளியே எப்படித் தெரிகிறது? நாம் அனுமதி கொடுத்த செயலிகள் வழியாக! செட்டிங்ஸில் லொகேஷன் பகுதியைத் திறந்தால், யார் யாருக்கு அனுமதி கொடுத்தோம் என்று பெயரோடு காட்டும். டார்ச் லைட் செயலிக்கு நம் இருப்பிடம் எதற்கு? தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.