குதிக்க வைத்த வீடியோ கேம்!

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கொரோனா சமயத்தில் ஆன்லைன் பாடத்துக்காகக் கொடுத்த செல்போன், அதன்பின் அவன் கையை விட்டு இறங்கவே இல்லை. பள்ளி விட்டு வந்தால் கட்டில், செல்போன் கேம், கூடவே ஒரு தட்டு முறுக்கு. தொந்தரவு இல்லாமல் சமையல் முடிகிறதே என்று நானும் கண்டுகொள்ளவில்லை. மாடிப்படி ஏறவே அவனுக்கு மூச்சு வாங்கியபோதுதான் பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன்.

"வயசுக்கு மீறின எடைம்மா. தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாடட்டும்" என்றார். போனைப் பிடுங்கினேன். அழுகை, சண்டை, பட்டினி என்று வீடே ரணகளம்!

கோடை விடுமுறைக்கு பெங்களூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போனோம். அங்கே டி.வி.யில் 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' என்று ஒரு வீடியோ கேம். நின்டெண்டோ கம்பெனி 2019-ல் கொண்டு வந்ததாம். கையில் ஒரு வளையம், தொடையில் ஒரு பட்டை. நாம் நின்ற இடத்திலேயே ஓடினால்தான் திரையில் இருக்கும் ஆள் ஓடுவான். வளையத்தை அழுத்தி, உட்கார்ந்து எழுந்தால்தான் எதிரி தோற்பான். அரை மணியில் என் பிள்ளையின் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. "இன்னும் ஒரே ஒரு லெவல்மா" என்று கெஞ்சினான்.

"இது புதுசு இல்லக்கா" என்றான் தம்பி. "1998-லயே ஜப்பான்ல கொனாமி கம்பெனி 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'னு ஒண்ணு விட்டாங்க. திரையில வர்ற அம்புக்குறியப் பார்த்து, கீழே முன்ன, பின்ன, இடது, வலதுன்னு இருக்குற கட்டத்தை மிதிக்கணும். 2006-ல அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல, பள்ளிக்கூட உடற்பயிற்சிக்கே அதைக் கொண்டு வந்தாங்க. 2016-ல வந்த 'போகிமான் கோ'வுல, போனோட வெளியில கிலோமீட்டர் கணக்கா நடந்தாத்தான் கேம்ல கிடைக்கிற முட்டை பொரியும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டத்தில் தாவுவது, சின்ன வயதில் நாம் ஆடிய பாண்டி ஆட்டம்தானே!

அந்த மெஷின் வாங்க, பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவரின் சம்பளம் கட்டுப்படியாகாது. ஊர் திரும்பியதும் மொட்டை மாடியில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டேன். "முன்னே, வலது, பின்னே" என்று நான் வேகமாகச் சொல்லச் சொல்ல அவன் தாவி மிதிக்க வேண்டும். தப்பினால் அவுட். மார்க் நோட்டில் ஏறும். ஒரு லெவல் முடித்தால், அவன் அப்பா ஒரு குட்டி பீங்கான் பொம்மை பரிசு தருவார். அலமாரியில் இப்போது ஆறு பொம்மைகள்!

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். மாடி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்குவதில்லை. போன் அரை மணி நேரம் மட்டும். சில நாள் நானும் தாவுகிறேன். அவன்தான் எனக்கு மார்க் போடுகிறான்.

தோழிகளே, மார்க் ஏறுவதும், அடுத்த லெவலும், கூட ஆட ஓர் ஆளும் இருந்தால் பிள்ளைகள் தானாக எழுந்து வருவார்கள். போனைப் பிடுங்கும் முன், அந்த ஆளாக நாமே இருந்து பார்ப்போமே!

— ஓர் இல்லத்தரசி, விருத்தாசலம்.