‘உண்மைக் கதை’ என்று சொல்லும்போது: ஜெய்பீம் படமும் முதனை வழக்கும்



நினைவேந்தல் கூட்டத்தில் சினிமாவைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். ராசாக்கண்ணு என்ற மனிதரின் காவல் மரணத்தை நம் பிள்ளைகளில் பலர் ஒரு படத்தின் வழியாகத்தான் தெரிந்துகொண்டார்கள். அதனால் பேச வேண்டியிருக்கிறது.

2021 நவம்பர் 2 அன்று ‘ஜெய்பீம்’ வெளியானது. ரசிகர்கள் ஐஎம்டிபி தளத்தில் பத்துக்கு 9.6 வரை மதிப்பெண் கொடுத்தார்கள். ஒரு தரப்பு ‘அப்படியே உண்மை’ என்றது. கொடுமை செய்யும் அதிகாரியின் பெயரையும், அவர் வீட்டு நாட்காட்டியில் இருந்த அக்னி கலசத்தையும் காட்டி ‘எங்கள் சாதிமீது பழி’ என்றது மறு தரப்பு. நாட்காட்டிக் காட்சியைத் தயாரிப்பாளர்கள் மாற்றினார்கள். அந்தச் சத்தத்தில் மூன்று கேள்விகள் அமுங்கிப் போயின.

முதல் கேள்வி: இறந்தவர் யார்? படத்தில் அவர் இருளர். 1993-இல் முதனை கிராமத்திலிருந்து கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர். இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் குறவர்களைப் பிறவித் திருடர்கள் என்று முத்திரை குத்தியது. சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் ஊரில் நகை காணாமல் போனால் முதலில் குறவர் வீட்டைத் தட்டும் வழக்கம் நீங்கவில்லை. இருளர் படும் துன்பமும் பொய்யல்ல. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமைகளாகக் கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒடுக்குமுறைதான், ஆனால் வரலாறு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால், குறவர்மீதான பழி எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்வி: போராடியவர் யார்? கட்சித் தோழர்களும் அறிவொளி ஆசிரியரும் படத்தில் வருகிறார்கள். ஆனால் ரசிகர் மனத்தில் நிற்பது சூர்யா நடித்த வழக்கறிஞர் சந்துருதான். சந்துருவின் பங்கு பெரிது, மறுக்க முடியாது. எனினும் கணவரைத் தேடி அலைந்தவர் பார்வதி. ‘தப்பி ஓடிவிட்டார்’ என்று காவல்துறை சொன்னதை நம்ப மறுத்தவரும் அவரே. அவருக்குத் துணை நின்றவர்கள் உள்ளூர் மார்க்சிஸ்ட் தோழர்கள். அவர்கள் இல்லையென்றால் வழக்கு சென்னைக்கே வந்திருக்காது.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு காலம் ஆனது? படத்தின் உச்சம் ஆட்கொணர்வு மனு. அந்த மனு ‘ஆள் எங்கே?’ என்று மட்டும்தான் கேட்கும். குற்றவாளிகளைத் தண்டிக்கத் தனிக் குற்ற வழக்கு வேண்டும். சாட்சிகள் பயத்துக்கும் பணத்துக்கும் மசியாமல் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். கொலை நடந்தது 1993-இல். உயர் நீதிமன்றத் தண்டனைத் தீர்ப்பு 2006-இல். பதின்மூன்று ஆண்டுகள்.

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பவர்களுக்கு ஒரு சொல்: சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்தது 2020 ஜூனில், படம் வருவதற்கு முந்தைய ஆண்டு.

படம் வீண் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், அழுங்கள். அதோடு நின்றுவிட்டால், நம் சேரியில் ஒருவரைப் பிடித்துப் போகும் இரவில் ஒரு நாயகன் வருவான் என்று காத்திருப்போம். அன்று நமக்கு வேண்டியது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று வகுத்த விதிகள். கைது நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காவலில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசமைப்பின் 22-ஆம் பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்திருக்கும் மாணவர்கள் இந்த நான்கையும் எழுதி, உங்கள் தெருவில் பத்துப் பேருக்காவது படித்துக் காட்டுங்கள்.

ஜெய்பீம்.