செடானா, எஸ்.யூ.வி.யா? டேப் வைத்து அளந்த அனுபவம்

வரியைப் பற்றியும் வாராக் கடனைப் பற்றியுமே எழுதி வந்த நான், இம்முறை காரைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம் என் துணைவியாரின் முழங்கால்.

எனக்குச் சொந்த ஊர் ஓமந்தூர். சென்னையில் ஓமந்தூரார் வளாகம் என்கிறார்களே, அந்தப் பெரியவர் பிறந்த ஊர்தான். திண்டிவனத்தில் மிளகாய், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டுக்கும் கடைக்கும் ஒரே செடான் கார். துணைவியாருக்கு மூட்டுவலி வந்த பிறகு மாதம் ஒருமுறை சென்னை மருத்துவரிடம் காட்டி வந்தோம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஒருநாள் திரும்பி வந்து வாசலில் நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். "எழுந்திருக்க முடியலைங்க" என்றார். நானும் மருமகளும் இரு கைகளையும் பிடித்துத் தூக்கித்தான் நிறுத்தினோம். அடுத்த தேதி வந்தபோது, "இந்த மாசம் வேணாமே" என்றார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. மருந்து தீர்ந்தும் அவர் தட்டிக் கழித்தது மருத்துவருக்குப் பயந்து அல்ல, காருக்குப் பயந்து என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

மகன் உடனே, "பெரிய எஸ்.யூ.வி.யா எடுத்துடலாம்பா. ஏழு பேர் தாராளமா போகலாம்" என்றான். சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை பேசுகிற வழக்கம் நமக்கு ஏது? கடையிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு, துணைவியாரையும் அழைத்துக்கொண்டு விழுப்புரத்திலும் புதுச்சேரியிலுமாக நான்கு ஷோரூம் ஏறி இறங்கினோம். விற்பனைப் பிள்ளைகள் திரையையும் பாட்டையும் கூரைக் கண்ணாடியையும் காட்டுவதிலேயே குறியாக இருந்தார்கள். டேப்பைப் பார்த்ததும் ஒரு தம்பி சிரித்தே விட்டார்.

முதலில் அளந்தது, தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்பதை. எங்கள் செடானில் 20 அங்குலம். உட்காரும்போது விழுவது போலவும், எழும்போது கிணற்றிலிருந்து ஏறுவது போலவும் இருப்பதற்கு இதுதான் காரணம். மகன் விரும்பிய பெரிய வண்டியில் 31 அங்குலம். துணைவியார் ஒரு காலைப் படியில் ஊன்றி, மேல் கைப்பிடியைப் பற்றித் தொங்கி ஏற வேண்டியிருந்தது. வலிக்கிற காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றுவிட்டார். வேட்டி கட்டிய எனக்கே அது கொஞ்சம் சங்கடமான ஏற்றம்தான். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்.யூ.வி.யில் 26 அங்குலம். நின்றபடி திரும்பி, பின்பக்கமாகச் சாய்ந்தார், சீட்டில் இருந்தார். பிறகு இரு கால்களையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் கை கொடுக்கவில்லை.

அடுத்து, காரின் உள்தளத்திலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று அளந்தேன். இதை யாரும் பார்ப்பதில்லை. நெடும்பயணத்தில் சுகமும் வலியும் இங்கேதான் இருக்கிறது. சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலே எழும்பி, தொடை சீட்டில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். உடலின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும். நாற்காலி போல உயர்ந்திருந்தால் கால் நேராகக் கீழே தொங்கும், தொடை முழுதும் மெத்தையில் படியும். காலை நீட்டாமல் மடக்கி உட்காருவதால் முன்னே அதிக நீளமும் தேவைப்படாது.

அம்பாசிடரில் ஆறு பேர் போனோமே என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதன் சூட்சுமமும் இதுதான். 1958 முதல் 2014 வரை வந்த அந்தக் காரும் மூன்று பெட்டி அமைப்புள்ள செடான்தான். ஆனால் கூரை உயரம், சீட் சோபா உயரம். பின்னால் வந்த செடான்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவும் மைலேஜ் தரவும் கூரையைத் தாழ்த்தின. கூரையோடு சீட்டும் இறங்கியது.

நீளத்துக்கு வருவோம். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்குக் கலால் வரி குறைந்தது. அதற்காகக் கம்பெனிகள் காரைக் கத்தரிக்க ஆரம்பித்தன. 2012-ல் டிசையர் நான்கு மீட்டருக்குள் வந்தபோது வெட்டு டிக்கியில் விழுந்தது. 440 லிட்டராக இருந்தது 316 ஆயிற்று. 2024-ல் வந்த டிசையரையும் பிரெஸ்ஸாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நீளம் 3,995 மில்லிமீட்டர்தான். பிரெஸ்ஸா 55 மி.மீ. அகலம் கூடுதல், 160 மி.மீ. உயரம் கூடுதல். மூன்று பேர் தோளோடு தோள் உரசாமல் உட்கார அந்த அகலமும், நிமிர்ந்து உட்கார அந்த உயரமும் உதவுகின்றன. டிக்கி மட்டும் டிசையரில் 382 லிட்டர், பிரெஸ்ஸாவில் 328 லிட்டர். விலை கூடிய வண்டிகளிலும் இதே கதைதான். ஹோண்டா சிட்டியின் டிக்கி 506 லிட்டர். அதைவிட நீளம் குறைந்த கிரெட்டாவில் 433.

ஏழு பேர் கணக்கையும் சோதித்துவிடலாம் என்று, ஓட்டிப் பார்க்கத் தந்த பெரிய வண்டியில் மூன்றாவது வரிசையில் நானே ஏறிக்கொண்டேன். விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரைதான் போனோம். டேப் அங்கே 9 அங்குலம் காட்டியது. முழங்கால் நெஞ்சுக்கு நேராக வந்துவிட்டது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் லாரி போல அடியில் தனி சேஸிஸ் ஓடுகிறது. அதன்மேல் தளம் அமைவதால் கூரை எவ்வளவு உயர்ந்தாலும் உள்ளே கிடைப்பது குறைவு. வளைவில் ஆட்டமும் அதிகம். மகனைப் பின்னால் உட்காரச் சொன்னேன்; திரும்பி வரும்போது ஏழு பேர் பேச்சை அவன் எடுக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் செடானை அடித்துக்கொள்ள ஆளில்லை. நம் தொழிலுக்கு அது பெரிய விஷயம். டிக்கி தனி அறை. குண்டூர் மிளகாய் சாம்பிளையும் பெருங்காயத்தையும் போட்டு மூடிவிட்டால் நெடி முன்னே வருவது மிகக் குறைவு. எஸ்.யூ.வி.யில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, ஏ.சி. போட்டால் வண்டி முழுவதும் மிளகாய் மண்டிதான். ஆனால் முழு மூட்டை ஏற்ற வேண்டுமென்றால் எஸ்.யூ.வி.யின் அகன்ற வாயும் மடங்கும் சீட்டும் வசதி.

வரியை விடக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி., டீசல் 1,500 சி.சி. தாண்டாத கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பிரெஸ்ஸாவின் பெட்ரோல் எஞ்சின் 1,462 சி.சி. என்பதால் அதற்கு 40 தான். கடை பெயரில் வாங்கினாலும் நம்மைப் போன்ற வியாபாரிகள் இந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது.

முடிவில், 18 சதவீதத்தில் அடங்குகிற ஒரு சின்ன எஸ்.யூ.வி.யை எடுத்தோம். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். பழைய செடானை மாற்றிக் கொடுக்க மனம் வரவில்லை; கடைக்கும் சாம்பிள் பைக்கும் வைத்துக்கொண்டேன். போன மாதம் சென்னைக்குப் போனோம். திரும்பும் வழியில், செங்கல்பட்டு தாண்டி, "டீ குடிக்கலாம், நிறுத்துங்க" என்றார். நான் என் பக்கம் இறங்கிச் சுற்றி வருவதற்குள் அவராகவே கதவைத் திறந்து இறங்கி, இரண்டு டீ சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.