"ஒண்ணே ஒண்ணு கொடுத்தா என்ன ஆயிடும்?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் யாருமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டாகிவிட்டது, பால்காரர் கேட்டாகிவிட்டது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவர்கூடக் கேட்டுவிட்டார். இவர்கள் எல்லோரும் என் பிள்ளைமேல் ஆசை வைத்திருப்பவர்கள்தாம். குழந்தையைப் பார்த்தால் அதன் கையில் தின்ன ஏதாவது வைத்துவிட வேண்டும். வெறுங்கையோடு கொஞ்ச நமக்குத் தெரியாது. ஆனால் என் இரண்டரை வயது மகனுக்கு அந்த ‘ஒண்ணே ஒண்ணு’ வேர்க்கடலையாக இருந்துவிட்டால், சில நிமிஷங்களில் அவன் மூச்சுக்குத் திணற வேண்டியிருக்கும்.

அவனுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போதுதான் இது தெரிய வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. என் மாமியார் ஆசையாக இட்லியைத் தொட்டு இரண்டு வாய் ஊட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. உதடு தடித்தது, கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகச் சிவந்து எழும்பியது.

"காணாக்கடிடி இது, ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அத்தை வேப்பிலை பறிக்க ஓடினார். அதற்குள் குழந்தை வாந்தி எடுத்தான். பிறகு விடாத வறட்டு இருமல், குரல் கம்மிவிட்டது, தோளில் போட்டால் துணி மாதிரித் துவண்டான். என் கணவர் வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா என்ன சாப்பிட்டான்?" என்பதுதான். தொடையில் ஒரு ஊசி போட்டார். சிறிது நேரத்தில் குழந்தை ‘வீல்’ என்று கத்தி அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்தேன்! அடங்கிய அலர்ஜி சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்பதால் அன்றிரவு அங்கேயே வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

உடம்பு போடும் தப்புக் கணக்கு

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் ஆஸ்திரிய நாட்டுக் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே. நோய்க் கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பு, நல்ல உணவையே பகைவன் என்று தப்பாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. உடனே ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களை வாரி இறைக்கிறது. தோல் தடிப்பதும் வாந்தி வருவதும் மூச்சுக்குழல் சுருங்குவதும் இதனால்தான்.

இது அஜீரணம் அல்ல, திருஷ்டியும் அல்ல. அஜீரணமாக இருந்தால் அளவைக் குறைத்தால் சரியாகும். அலர்ஜிக்கு இம்மியளவு போதும். பசும்பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், எள், கோதுமை, சோயா, மீன், இறால் ஆகியவைதாம் இதில் அடிக்கடி பெயர் வாங்குபவை. பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளர வளரச் சரியாகிவிடுகிறது. வேர்க்கடலை அப்படி எளிதில் விடுவதில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்குத்தான் விலகுகிறது. விலகிவிட்டதா என்பதை டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போமே" என்று வீட்டில் பரீட்சை செய்யவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். நானே முதல் மாதம் கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ‘கரப்பான் பண்டம்’ அத்தனையையும் நிறுத்தினேன். குழந்தை எடை குறைந்ததுதான் மிச்சம். டாக்டர் கண்டித்தார். பரிசோதனையில் எது என்று தெரிந்ததோ அதை மட்டும் விலக்கினால் போதும்.

எந்தக் கடலை?

எங்கள் ஊர் பழைய தென்னாற்காட்டுச் சீமை. 2019-ல்தான் தனி மாவட்டமானது. இங்கே வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். தென் அமெரிக்காவில் பிறந்து, கடல் கடந்து வந்து, மணிலா நகரத்தின் பெயரால் மணிலாக்கொட்டையாகி, எங்கள் நாக்கில் மல்லாட்டை ஆகிவிட்டது.

இந்தப் பெயர் விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்தேன். எதிர்வீட்டுப் பாட்டியிடம், "கடலை மட்டும் கொடுத்துடாதீங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பாட்டி பொட்டுக்கடலை டப்பாவைப் பத்திரமாக மேலே எடுத்து வைத்துவிட்டு, அவித்த மல்லாட்டையைத் தோல் உரித்துக்கொண்டிருக்கிறார்! "நீ கடலைதானே வேணாம்னே? இது மல்லாட்டை ஆச்சே" என்றார். குழந்தையின் வாய்க்கும் பாட்டியின் கைக்கும் ஒரு சாண் தூரம்தான் இருந்தது.

பாட்டிமேல் தப்பில்லை. கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, நிலக்கடலை என்று இத்தனை இருக்கும்போது ‘கடலை’ என்றால் எது? அன்றிலிருந்து, ஊட்டுகிறவர் வாயில் புழங்கும் பெயரைத்தான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, "எதைக் கொடுக்கக்கூடாது, சொல்லுங்க பார்ப்போம்" என்று திருப்பியும் கேட்டுக்கொள்கிறேன். அங்கன்வாடியில் விடும்போது, எழுதிய சீட்டோடு ஒரு பிடி மல்லாட்டையையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி டீச்சருக்குக் காட்டினேன். கண்ணால் பார்த்தது மறக்காது அல்லவா?

அடுப்படியில்

எங்கள் வீட்டில் மல்லாட்டை வருவதையே நிறுத்திவிட்டோம். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் போயிற்று. அலர்ஜியைக் கிளப்பும் புரதம் அதில் தங்கியிருக்கும். கடை மிக்சர், கடலைமிட்டாய், யாரோ அரைத்துக் கொடுக்கும் சத்துமாவு ஆகியவை குழந்தைக்குக் கிடையாது. கடையில் ஒரே கரண்டியால் எல்லாவற்றையும் அள்ளுகிறார்கள். ஒரே எண்ணெயில் பொரிக்கிறார்கள்.

பொட்டலத்தில் வருவதை வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா முதலியவை சேர்ந்திருந்தால் தனியாக அறிவிக்க வேண்டும் என்று 2020-ல் வந்த மத்திய அரசின் உணவு லேபிள் விதி சொல்கிறது. அந்தப் பட்டியலில் எள் இல்லை. எள் ஆகாத குழந்தை இருந்தால், சேர்மானம் முழுவதையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். பால் ஆகாத குழந்தைக்கு "ஆட்டுப்பால் கொடு" என்று யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒரே ஜாடை என்பதால் அதுவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. மற்றதை டாக்டரிடம் கேளுங்கள்.

மலை ஏறிய கதை

சென்ற வருஷம் உறவினர் ஒருவரைப் பார்க்கக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் போக வேண்டி வந்தது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு. அழகை ரசிக்க முடியாமல், ஏதாவது என்றால் எப்படிக் கீழே இறங்குவது என்றே மனசு கணக்குப் போட்டது. 2008 முதல் 108 வண்டி இருக்கிறது. ஆனால் மலையில் சில இடங்களில் போனே எடுக்காது. அதனால் போகுமுன்பே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, இரவில் யார் வண்டி கிடைக்கும் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் மருந்தும் என் பையில் இருந்தன.

அங்கே எங்களுக்குச் சமைத்துப் போட்ட மலையாளிப் பழங்குடிப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு அவர் கேட்டார்: "இந்த உரல்லே போன வாரம் மல்லாட்டை இடிச்சேன். கழுவினாப் போதுமா, இல்லே வேற உரல் வாங்கியாரட்டுமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு உரலில் இடித்த சாமைச் சோறும், கீரைக் கடைசலும் சாப்பிட்டு என் பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான்.

அவசரம் என்றால்

தோலில் தடிப்பு மட்டும் என்றால் டாக்டர் கொடுத்த அரிப்பு மருந்து போதும். ஆனாலும் குழந்தையை விட்டு நகராதீர்கள். இருமல், மூச்சிரைப்பு, குரல் கம்மல், விடாத வாந்தி, முகம் வெளுத்துத் துவளுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசிதான். அரிப்பு மருந்து அந்த வேலையைச் செய்யாது. குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார்த்தி வையுங்கள். நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். போனதும், "உணவு அலர்ஜி, மூச்சு விட முடியலை" என்று முதலில் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் கைக்குழந்தைக்கு வேர்க்கடலையே கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்து 2015-ல் வெளியான ஆராய்ச்சியில், முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலை தின்னத் தொடங்கிய குழந்தைகளுக்கு, தவிர்த்தவர்களைவிட அந்த அலர்ஜி ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நன்றாக அரைத்துக் குழைத்தே கொடுங்கள். முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

என் மாமியார் அன்றைக்குப் பிறகு ஒரு மாதம் குழந்தைக்குச் சோறு ஊட்டவே இல்லை. கை நடுங்குகிறது என்றார். நான்தான் வற்புறுத்திக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். இப்போது கல்யாண வீடுகளில் எனக்கு முன்னால் சமையல்கட்டுக்குள் போய், "எதிலே மல்லாட்டை போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வருகிறவர் அவர்தான்.

அடுத்த முறை ஒரு குழந்தைக்கு ஆசையாக எதையாவது நீட்டும்போது, "இதைக் கொடுக்கலாமா?" என்று அதன் அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பீர்களா, சகோதரிகளே?